இணைப்பு: நான்கு தாள்கள்

ஸ்கேல் டீச்சர் என்று பெயர் வந்ததற்கு அவள் யாரையும் அடித்தது காரணமில்லை. மாலை வகுப்பின் முதல் நாளில் பையிலிருந்து ஒரு கட்டு மர ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தாள். முன் பெஞ்சில் இருந்த லாரி ஓட்டுநர், நாற்பத்தெட்டு வயது மனிதர், இரண்டு கைகளையும் சட்டென்று பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பழைய பள்ளிக்கூட ஞாபகம். படிக்கிற வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளத்தான் ஸ்கேல் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அதைப் பிய்த்தெடுக்க யாரால் முடியும்?

அவளுக்கு முப்பத்தாறு வயது. பகலில் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். ஒரு குழாய் உடைந்தால் ஐந்து மனு வரும். மாடிவீட்டுக்காரர் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பார், கீழ்வீட்டுக்காரர் வாசலில் வெள்ளம் என்பார். குழாய் போட்ட ஒப்பந்தக்காரரோ குழாயே உடையவில்லை என்று சத்தியம் செய்வார். எல்லாவற்றையும் படித்து, யார் எதற்காக எழுதியிருக்கிறார் என்று பிரித்து, மேலதிகாரிக்கு அரைப் பக்கத்தில் 'நடந்தது இது' என்று எழுதித் தர வேண்டும். பதினொரு வருடமாக அதுதான் வேலை. பெரியவர்களுக்கான மாலை வகுப்புக்கு ஆள் தேடியபோது பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள், இவள் மாட்டிக்கொண்டாள்.

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பள்ளி இறுதித் தேர்வு எழுதுவதற்கான வகுப்பு அது. பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்கப் பதினைந்து பேர் உட்காருவார்கள். கணக்கை எப்படியோ தாண்டிவிடுவார்கள். சமூகப் பாடத்தில்தான் ஆப்பு. ஐந்து தாள் கொடுத்து, அவற்றை ஆதாரமாக வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லும் கேள்வி. நாற்பது மதிப்பெண். ஒரு கடிதம், ஒரு அறிக்கை, ஒரு புகைப்படம், ஒரு பட்டியல், ஒரு பத்திரிகைச் செய்தி என்று ஏதாவது இருக்கும். நாலு வரி படிக்கவே மூச்சு வாங்குகிறவர்களிடம் ஐந்து தாளை நீட்டுகிற யோசனை எந்த மகராசனுக்கு வந்ததோ தெரியவில்லை.

லாரி ஓட்டுநர் தாள்களைத் தொடவே மாட்டார். ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்டபோது மூன்று பக்கம் விளாசித் தள்ளியிருந்தார், அதில் ஒரு தாளின் வாடைகூட இல்லை.

"அந்த மாதிரிப் பாலத்து மேல நான் எத்தனை லோடு ஏத்திட்டுப் போயிருக்கேன் தெரியுமா டீச்சர்? இவங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். பரீட்சைக்காரருக்கு உங்க லாரி தெரியாதே. அவர் கையில இந்த அஞ்சுதான் இருக்கு. அதுல நமக்கு ஒத்துவராத தாள் ஒண்ணு இருந்தா அதைத்தான் முதல்ல எடுத்துப் பேசணும். ஒளிச்சு வைச்சா நம்ம கட்டுரையை எவனும் நம்ப மாட்டான்."

சலவை அக்காவின் சிக்கல் நேர் எதிர். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. வெளுத்த துணி மூட்டைகளுக்கு எந்த வார்டு, எத்தனை விரிப்பு என்று அட்டை எழுதிக் கட்டுவதும் அவள்தான். மேலிருந்து வருகிற சீட்டைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பதினேழு வருடத்தில் ஒரு மூட்டை வார்டு மாறிப் போனதில்லை. எழுதுவது என்றால் அவளுக்குப் பார்த்து எழுதுவதுதான். கட்டுரைக் கேள்விக்கும் அதையே செய்தாள். ஐந்து தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, 'பின்பக்கம் பார்க்க' என்பது உட்பட, அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றாள்.

மற்ற பாடங்கள் எல்லாம் அவள் தேறியாயிற்று. இந்த ஒன்றும் கிடைத்தால் வார்டு உதவியாளராக நிரந்தர வேலை. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். அக்காவுக்கு நாற்பத்துநாலு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இதற்குமேல் இன்னொரு தேர்வு எழுத வயது இடம் கொடுக்காது.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய நாட்காட்டித் தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். லேத் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன், "ஊர்ல எல்லாரும் நாளைக் கிழிப்பாங்க, நீ அதையும் எட்டாக் கிழிக்கிறியே" என்று கேலி செய்துகொண்டே கூட உட்கார்ந்து கிழித்துக் கொடுப்பான். ஒரு தாளைப் படித்ததும், யார் சொல்கிறார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்க வேண்டும். கிடைத்த விஷயத்தை ஒரு துண்டில் மூன்றே சொல்லில் எழுத வேண்டும். நாலாவது சொல் எழுதினால் டீச்சர் துண்டைப் பிடுங்கிக்கொள்வாள். ஐந்து துண்டும் சேர்ந்ததும் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதன்பின் துண்டுகளை மட்டும் பார்த்துக் கட்டுரை.

தாளைக் கவிழ்த்த முதல் நாள் அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். "கண்ணைக் கட்டின மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். அன்றைக்கு இரண்டே வரி எழுதினாள். அடுத்த வாரம் ஐந்து வரி. மூன்றாம் மாதம் ஒரு பக்கம் எழுதிவிட்டு, தான் எழுதியதைத் தானே படித்துப் பார்த்து, "இதை எங்க பார்த்து எழுதினேன்?" என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்று டீச்சர் சொன்னபோது அக்கா தாளை இன்னொரு தடவை படித்தாள். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் டீச்சர் அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லி அனுப்பினாள். ஸ்கேல் கொண்டு போகலாம். துண்டு எதையும் கொண்டு போகக் கூடாது, வெறும் துண்டாக இருந்தாலும் கூடாது. எல்லாம் சொன்னாள். துண்டுக்குப் பதிலாக என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டாள். பதினொரு வருடம் எழுத்தர் வேலை பார்த்தவளுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். அக்காவுக்கு அப்படி இல்லை.

ஊர் நடுவே ஓடிய கால்வாயை மூடிச் சாலை போட்டது சரியா என்பது கேள்வி. சுகாதார அதிகாரியின் குறிப்பு, கடைக்காரர்களின் மனு, ஒரு பொறியாளரின் பட்டியல், ஒரு புகைப்படம், கரையோரம் குடியிருந்த ஒருத்தியின் கடிதம். அக்கா வரிக்கு வரி ஸ்கேல் வைத்துப் படித்தாள். கை பழக்கத்தில் துண்டைத் தேடியது. இல்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்தாள், ஐந்து துண்டாக்கினாள், மூன்று மூன்று சொல் எழுதினாள், கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள், எழுத ஆரம்பித்தாள். அவள் கிழித்த நேரத்தில் தேர்வறைக் கண்காணிப்பாளரான அம்மையார் அறைக்கு மறுகோடியில் யாருக்கோ கூடுதல் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுரையில் கடைசிப் பத்தி மட்டும் பாக்கி இருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார். கவிழ்ந்து கிடக்கும் கேள்வித்தாள், கைக்கு அடியில் ஐந்து துண்டுச்சீட்டு. வேறு எதை நினைப்பார்?

"பிட்டா?" என்றார். பள்ளிக்கூடத்தில் எப்போதோ கேட்ட குரல் மாதிரியே இருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத் தாளையும், அச்சடித்த மாதிரி வாக்குமூலம் ஒன்றையும் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

பார்த்து எழுதச் சொன்னால் அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்! எழுதினாள். அன்று மாலை வகுப்புக்குப் போய் டீச்சர் முன்னால் அழுதபடி ஒப்பித்தபோது ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

"வெளியிலிருந்து கொண்டுவந்த துண்டுச்சீட்டு, புத்தகம், கைப்பேசி, பொருந்தாததை அடிக்கவும், வைத்திருந்தபோது பிடிபட்டேன்னு எழுதினேன் டீச்சர்."

"பொருந்தாததை அடிக்கவும்னா?"

"அதையும்தான் எழுதினேன்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் தேர்வு அலுவலகத்திலிருந்து உறை வந்தது. முறைகேடு செய்ததாகக் குற்றச்சாட்டு, கண்காணிப்பாளரின் அறிக்கை, அக்காவின் வாக்குமூலம், ஐந்து துண்டுகளின் நகல். பத்து நாளில் எழுத்தில் விளக்கத்தோடு நேரில் விசாரணைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் தேர்வெழுதத் தடை. மூன்று வருடம் கழித்து அக்கா தேறினால் என்ன, தேறாவிட்டால் என்ன?

டீச்சர் அன்றிரவே விளக்கத்தை எழுதிவிட்டாள். நாலு பக்கம், அக்குவேறு ஆணிவேறாக. மறுநாள் கொண்டு போய் நீட்டினாள். அக்கா அதை வாங்கி ஸ்கேல் வைத்து முழுக்கப் படித்தாள். படித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா நீங்க எழுதி, நான் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தா, அதுதான் டீச்சர் பிட்டு."

"அக்கா, இது விளையாட்டு இல்லை. உங்க வேலை."

"என் வேலைதான். அதான் நானே எழுதறேங்கறேன். கேட்டா பதில் சொல்லணுமே."

டீச்சருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தன் மேல்தான் என்று வீட்டுக்குப் போனபிறகு தெரிந்தது. துண்டு கிழிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? ஒரு தாள் எடுத்து, இந்த முறை என்னுடையது, சில மாதமாக நான்தான் இதைச் சொல்லித்தருகிறேன், தேர்வறையில் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டது என் தவறு, தண்டனை எனக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணவன் எட்டிப் பார்த்துப் படித்தான்.

"மாலை வகுப்புக்கு அனுமதி குடுக்கறதும் அதே ஆபீஸ்தானே? இதைப் பார்த்தா வகுப்பை இழுத்து மூடிருவாங்க."

"தெரியும்."

"உன் பேரும் கெட்டுப்போகும்."

"அதுவும் தெரியும். பேனாவைக் குடுங்க, தேதி போடலை."

அதை அக்காவிடம் கொடுத்து, "இது அஞ்சாவது ஆதாரம். கட்டாயம் இணைச்சிடுங்க. உங்களைக் காப்பாத்தப் போறது இதுதான்" என்றாள். அக்கா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் மதிய உணவு இடைவேளையில், உலர்த்தும் இயந்திரங்கள் உறுமுகிற கூடத்தில், துணி மூட்டைமேல் அட்டையை வைத்து அக்கா எழுதினாள். எழுதினதை டீச்சரிடம் காட்டவில்லை. டீச்சரும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். விசாரணை நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனாள். தேர்வர் மட்டும் உள்ளே வரலாம் என்று கடைநிலை ஊழியர் கதவைச் சாத்திவிட்டார். டீச்சர் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் தன்னை அழைப்பார்கள் என்று என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் கோத்துக்கொண்டே இருந்தாள். யாரும் அழைக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து அக்கா வந்தாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம், கண்காணிப்பாளரும் இருந்தாராம். தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "யார் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. மேசையில் கிடந்த ஏதோ சுற்றறிக்கையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள் என்றிருக்கிறார். அக்கா பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, வரி வரியாக நகர்த்திப் படித்தாள். பிறகு சுற்றறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அதன்பின் தலைவர் விடைத்தாளை எடுத்து வரச் சொல்லி, கிழிந்த கடைசிப் பக்கத்தோடு ஐந்து துண்டுகளையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது.

"அந்தக் கண்காணிப்பாளர் மேடம் என்ன சொன்னாங்க?"

"பார்த்தது சரி, நினைச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. என் கடுதாசியிலயும் அப்படித்தான் எழுதியிருந்தேன்."

குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று. தாளைக் கிழித்ததற்கு ஐந்து மதிப்பெண் குறைத்து, விடைத்தாளைத் திருத்தச் சொன்னார்கள். அக்காவுக்கு நூற்றுக்கு நாற்பத்துமூன்று. ஐந்து போக முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் போதும். பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு வார்டு உதவியாளராக வேலையில் சேர்ந்தாள். டீச்சரின் வகுப்பில் அதற்குப் பிறகு துண்டு கிடையாது, எல்லாரும் ஓரத்தில் எழுதிப் பழகுகிறார்கள். லாரி ஓட்டுநர் இன்னும் தாள்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

சீருடையோடு ஒருநாள் அக்கா மாடியேறி வந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடமாக வைக்க அந்தக் கடிதத்தின் பிரதி வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தாள். வகுப்பு தொடங்கக் கால்மணி நேரம் இருந்தது. ஜன்னலோரம் நின்று டீச்சர் படிக்க ஆரம்பித்தாள்.

'ஐயா, என்னைப் பற்றி நான்கு தாள்கள் உள்ளன. எனக்குப் பாதகமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாக்குமூலம் என் கையெழுத்துதான், என் வாக்கியம் அல்ல. அச்சடித்ததைப் பார்த்து எழுதினேன். அது உண்மையானால் என்னிடம் புத்தகமும் கைப்பேசியும் இருந்திருக்க வேண்டும். கண்காணிப்பாளரின் அறிக்கையில் அவை இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. என் கையில் துண்டுச்சீட்டைப் பார்த்தார், அது உண்மை. அது வெளியிலிருந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. துண்டில் உள்ள சொற்கள் எல்லாம் அன்று காலை கொடுத்த கேள்வித்தாளில் உள்ளவை. முந்தின நாள் அவை எனக்கு எப்படித் தெரியும்? விடைத்தாளைக் கிழிக்கக் கூடாது என்று மேலட்டையில் இருக்கிறது. நான் கிழித்தேன். அது என் தப்பு. துண்டில் எழுதிப் படிப்பது என் பழக்கம்.'

டீச்சர் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கீழே பார்த்தாள். 'இணைப்பு: நான்கு தாள்கள்.' அறிக்கை, வாக்குமூலம், துண்டுகளின் நகல், கேள்வித்தாள்.

"அஞ்சாவது எங்கக்கா?"

"வைக்கலை டீச்சர்."

"வைக்கலையா? உங்களுக்கு இருந்த பெரிய ஆதாரமே அதுதானே! தோத்திருந்தா?"

"தோத்திருந்தா நான் ஒருத்தி சலவைக்கூடத்துலயே இருந்திருப்பேன். வகுப்பை மூடியிருந்தா பதினாலு பேரு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலை உயர்த்தினாள்.

"எந்தத் தாளையும் ஒளிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நமக்கு ஒத்துவராததை ஒளிக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க" என்றாள் அக்கா. "நான் விட்டது எனக்குச் சாதகமான தாளை."